அத்தியாயம் 7: எழுதி வைத்து எழுப்பும் வி.எம்.கள்

திருவையாறு பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களிடம் நெல் வாங்குகிறது. மூட்டைக் கணக்கு, எடை, ஈரப்பதம், ரகம், பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு மென்பொருளில் ஏறுகின்றன. குறுவை அறுவடை தொடங்கும் செப்டம்பரில் சர்வருக்கு ஓய்வே இருக்காது. சம்பாவும் தாளடியும் களத்துக்கு வரும் ஜனவரி முதல் மார்ச் வரை நெருக்கடி இன்னும் கூடும். மே மாதத்தில் அதே சர்வர் வேலையில்லாமல் கரண்ட் தின்றுகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஆண்டு முழுவதும் நிற்கும் ஐந்து சர்வர்கள் வேண்டாம். தேவைப்படும்போது எழுப்பி, பருவம் முடிந்ததும் கலைத்துவிடக்கூடிய வி.எம்.கள் (விர்ச்சுவல் மெஷின்கள்) போதும். ஆனால் அவற்றைக் கையால் கட்டக்கூடாது. எப்படிக் கட்ட வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதி, கட்டும் வேலையைக் கருவியிடம் விட வேண்டும்.

கையால் கட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, வி.எம்.மில் மாட்டி, மொழி என்ன, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன என்று கேட்கும் திரைகளுக்கெல்லாம் பதில் சொல்லி, பிறகு ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றுவோம். முதல் தடவை நன்றாகவே ஓடும். அதைச் செய்த பையன் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போன பிறகு, ஃபயர்வாலில் எந்தப் போர்ட்டைத் திறந்தான், டேட்டாபேஸில் எதை மாற்றினான் என்று சொல்ல அலுவலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் டேட்டாவின் பேக்கப் மட்டும் கையில் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த டேட்டாவை வைத்து ஓட்டும் மெஷின் எப்படிக் கட்டப்பட்டது என்ற விவரமும் இருந்தால்தான் திருச்சியிலோ மதுரையிலோ வேறொரு பெட்டியில் வேலையைத் தொடங்க முடியும்.

எவையெவை வேண்டும்

முதலில் கிளவுட் இமேஜ். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் ஏற்கெனவே நிறுவி முடித்த ஒரு டிஸ்க்கை அப்படியே கோப்பாக வெளியிடுகிறார்கள். அளவு சில நூறு எம்.பி.தான். நிறுவும் திரைகள் கிடையாது. இயக்கினால் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும்.

அடுத்தது கிளவுட்-இனிட். இமேஜுக்குள்ளேயே இருக்கும் சிறு மென்பொருள் இது. அமேசான் இசி2-வில் உபுண்டுவை ஓட்டுவதற்காகத் தொடங்கியது. இன்று ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கிளவுட் இமேஜிலும் இருக்கிறது. மெஷின் முதன்முதலில் எழும்போது, நீங்கள் கொடுத்த விவரத்தைப் படித்து, பெயர் வைப்பது, பயனரை உருவாக்குவது, மென்பொருள் ஏற்றுவது எல்லாவற்றையும் இதுவே செய்கிறது.

பிறகு வெளியே நின்று மெஷினை எழுப்பும் கருவி. டெராஃபார்ம் 2014-ல் ஹாஷிகார்ப் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனம் உரிமத்தை மாற்றியதும், பழைய திறந்த மூல உரிமத்திலேயே தொடர விரும்பியவர்கள் பிரிந்து ஓப்பன்டோஃபுவைத் தொடங்கினார்கள். அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. எழுதும் முறை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. புதிதாகத் தொடங்கும் சிறு அலுவலகமோ கல்லூரி ஆய்வகமோ ஓப்பன்டோஃபுவை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. உரிமச் சிக்கல் இல்லை என்பது ஒரு காரணம். பின்னால் வரப்போகும் ஸ்டேட் கோப்பை என்க்ரிப்ட் செய்யும் வசதி அதில் 1.7 பதிப்பிலேயே வந்துவிட்டது என்பது இன்னொன்று.

இவை ஓட ஒரு பெட்டி வேண்டும். எட்டு கோர், 32 ஜி.பி. ராம் உள்ள பழைய சர்வர் நம் உதாரண நிறுவனத்துக்குத் தாராளம். லினக்ஸ் ஏற்றி, 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம்-மையும், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட்டையும் நிறுவுங்கள். கேவிஎம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள்: கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழ வேண்டும் என்ற அமைப்பைப் போடுங்கள். வி.எம்.களுக்கும் ஆட்டோஸ்டார்ட் போட வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து, காலை ஒன்பதுக்கு ஆள் வந்து பட்டனை அழுத்தும் வரை எல்லாம் கிடக்க வேண்டியதில்லை.

கட்டளைகளை இந்த அத்தியாயத்தில் வரிவரியாக அச்சிடவில்லை. ஓப்பன்டோஃபுவை லிப்விர்ட்டோடு இணைக்கும் ப்ரொவைடர் 0.9 வரிசையில் அடியோடு திருத்தி எழுதப்பட்டது; 0.8-க்கு எழுதிய கோப்பு அதில் அப்படியே ஓடாது. அச்சில் வரும் கட்டளை பழையதாகிவிடும். எந்தப் பகுதியில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். எழுத்திலக்கணத்தை நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் கோப்பிலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள். அதற்காகக் கருவி தானே உருவாக்கும் பூட்டுக் கோப்பும், விவரக்கோப்புகளை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போக வேண்டும்.

இமேஜைத் தேர்ந்தெடுப்பது

டெபியன் தளத்தில் ஒரே வெளியீட்டுக்குப் பல வகை இமேஜ்கள் இருக்கும். ஜெனெரிக் கிளவுட் என்பதை எடுங்கள். வி.எம்.முக்குத் தேவையில்லாத டிரைவர்களை நீக்கியது அது. நோகிளவுட் என்று பெயர் போட்ட ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதில் கிளவுட்-இனிட்டே ஓடாது. ரூட் கணக்கு கடவுச்சொல் கேட்காமல் திறக்கும். கிளவுட்-இனிட்டில் விவரம் கொடுக்கும் ஒரு முறைக்கும் நோகிளவுட் என்றே பெயர் இருப்பதால் புதியவர்கள் சரியாக அந்தத் தவறான இமேஜைப் போய் எடுப்பார்கள்.

உபுண்டுவில் நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பாக, உதாரணமாக 24.04, எடுங்கள். தளத்தில் எப்போதும் புதியதைக் காட்டும் ஒரு முகவரி இருக்கும். தேதி போட்ட முகவரியும் இருக்கும். விவரக்கோப்பில் தேதி போட்டதையே எழுதுங்கள். எப்போதும் புதியதைக் காட்டும் முகவரியை எழுதினால், இன்று எழுப்பும் மெஷினும் அடுத்த மாதம் எழுப்பும் மெஷினும் வேறு வேறாக இருக்கும். இறக்கியதும் கூடவே வெளியாகும் ஷா256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை இறக்கிய கோப்பை உங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு அங்கிருந்து படிக்கச் சொல்லுங்கள். இணையம் அறுந்த நாளிலும் வி.எம். எழும்.

இந்தக் கோப்பு கியூகவ்2 என்ற வடிவத்தில் இருக்கும். ஒவ்வொரு வி.எம்.முக்கும் இதை முழுதாக நகலெடுக்க வேண்டியதில்லை. மூல இமேஜை அடியில் வைத்து, ஒவ்வொரு வி.எம்.முக்கும் அதன் மேல் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் போட்டால், மாறியது மட்டும் அந்த அடுக்கில் எழுதப்படும். டெல்டாவில் சமுதாய நாற்றங்கால் போடுவோமே, ஓரிடத்தில் நாற்று விட்டுப் பல வயலுக்குக் கொடுப்பது, அது மாதிரிதான். ஒரு வித்தியாசம் உண்டு. நாற்றைப் பறித்த பிறகு நாற்றங்காலை உழுது நடவு போட்டுவிடலாம். இங்கே மூல இமேஜில் கை வைத்தால் மேலிருக்கும் அத்தனை வி.எம்.களும் கெட்டுப்போகும். அதை நீக்கவும் கூடாது, தனியாக இயக்கிப் பார்க்கவும் கூடாது. படிக்க மட்டும் அனுமதி போட்டுவிடுங்கள்.

மூல இமேஜின் டிஸ்க் அளவு சிறியது, இரண்டு மூன்று ஜி.பி. தான். மேலடுக்கை 20 ஜி.பி. என்று எழுதினால் போதும். முதல் எழுச்சியில் கிளவுட்-இனிட் பார்ட்டிஷனை அந்த அளவுக்கு விரித்துக்கொள்ளும். உபுண்டு பெட்டியில் இமேஜை லிப்விர்ட்டுக்கு உரிய வழக்கமான இடத்தில் வைக்காமல் ஹோம் டைரக்டரியில் வைத்தால் அனுமதி இல்லை என்ற பிழை வரும். உபுண்டுவின் பாதுகாப்பு வசதியான ஆப்ஆர்மர் தடுத்த பிழையாக அது இருக்கலாம். அப்படியானால் கோப்பின் அனுமதிகளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

யூசர்-டேட்டா எழுதுவது

இந்த வேலையில் அதிக நேரம் போகும் இடம் இதுதான். யூசர்-டேட்டா என்பது கிளவுட்-இனிட் படிப்பதற்காக யாமல் வடிவில் எழுதும் ஒரு கோப்பு. அதன் முதல் வரியில் ஹாஷ் குறியும் அதை ஒட்டி இடைவெளி விடாமல் கிளவுட்-கான்ஃபிக் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இது வெறும் குறிப்பு வரி என்று நினைத்து நீக்கினாலோ ஓர் எழுத்து மாறினாலோ, மெஷின் எழும். ஆனால் உங்கள் விவரம் எதுவும் நடைமுறைக்கு வந்திருக்காது. யாமலில் டேப் அடிக்கக்கூடாது, இடைவெளி மட்டுமே. கிளவுட்-இனிட்டிலேயே கோப்பைச் சரிபார்க்கும் ஸ்கீமா கட்டளை இருக்கிறது. எழுப்பும் முன் அதில் ஒருமுறை ஓட்டுங்கள்.

கிளவுட் இமேஜில் கடவுச்சொல் கிடையாது. உங்கள் எஸ்எஸ்எச் பொதுச் சாவியை யூசர்-டேட்டாவில் கொடுத்தால் மட்டுமே உள்ளே நுழைய முடியும். சாவியைக் கொடுக்க மறந்தால் மெஷின் கண் முன்னே ஓடும், உள்ளே போக வழி இருக்காது. இது குறை இல்லை, பாதுகாப்பு. எளிமை கருதிக் கடவுச்சொல் வைக்காதீர்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் இந்தக் கோப்பில் எழுத வேண்டாம். யூசர்-டேட்டா மெஷினுக்குள்ளும் ஸ்டேட் கோப்பிலும் அப்படியே தங்கிவிடும்.

நேரம் அடுத்தது. கிளவுட் இமேஜ் யுடிசி நேரத்தில் எழும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. எனவே விடியற்காலை 5.30-க்கு முன் போட்ட எடைச் சீட்டில் முந்தைய நாள் தேதி விழும். நிலுவையில் நின்ற வண்டிகளை இரவோடு இரவாக எடை போடும் நாட்களில் இந்த ஒரு வரியை விட்டதால் கணக்கு முழுவதும் குழம்பும். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று எழுதுங்கள்.

பிறகு எழுத்துரு. கிளவுட் இமேஜ் மிகச் சுருக்கமானது. அதில் தமிழ் எழுத்துரு இருக்காது. சர்வர் உருவாக்கும் பிடிஎஃப் ரசீதில் விவசாயியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும். உங்கள் லேப்டாப்பில் எழுத்துரு இருப்பதால் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. நிறுவ வேண்டிய மென்பொருள் பட்டியலில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவைச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் இங்கே திணிக்கவும் கூடாது. நேரடி நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் நெல் நனைந்த ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்துவது உண்டு. அந்த எண்ணை உங்கள் மென்பொருள் பயன்படுத்துமானால் அது மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். வரம்பு மாறிய அன்று யாரும் வி.எம்.மைக் கலைத்துக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

யூசர்-டேட்டா முதல் எழுச்சியில் மட்டுமே முழுதாக ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி இயக்கினால் ஒன்றும் நடக்காது. மாற்றம் வேண்டுமா, மெஷினைக் கலைத்துப் புதிதாக எழுப்ப வேண்டும். ஏதோ ஓடவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். கிளவுட்-இனிட் தன் வேலையை வரிவரியாக லாக் கோப்பில் எழுதுகிறது, அதைப் படியுங்கள். மெஷினுக்கு ஒரு சீரியல் கன்சோலும் கொடுத்துவைத்தால் எஸ்எஸ்எச் போகாதபோதும் எங்கே நின்றது என்று தெரியும்.

வலையமைப்பு

லிப்விர்ட் தானாகத் தரும் வலையமைப்பு நேட் வகை, முகவரிகள் 192.168.122 என்று தொடங்கும். வி.எம்.மிலிருந்து இணையத்துக்குப் போகலாம். ஆனால் எடை மேடை அறையில் இருக்கும் கணினியிலிருந்து வி.எம்.முக்கு நேரே வர முடியாது. அலுவலகம் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்றால் பெட்டியில் பிரிட்ஜ் அமைக்க வேண்டும், அதுவும் கேபிள் இணைப்பில். வைஃபையில் பிரிட்ஜ் போட முயன்று நேரத்தைத் தொலைக்காதீர்கள். டேட்டாபேஸ் மெஷினுக்கு மட்டும் நிலையான முகவரி எழுதுங்கள்.

ப்ளான், அப்ளை, ஸ்டேட்

நம் உதாரணத்துக்கு மூன்று வி.எம்.கள் போதும்: வெப், டேட்டாபேஸ், சோதனை. வெப் மெஷின் பருவத்தில் இரண்டாகலாம். இதற்கு ஒரு மாறி வையுங்கள். மாதத்தைப் பார்த்துத் தானே கூடும்படி எழுத வேண்டாம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு என்றாலும் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். தண்ணீர் முந்தினால் நடவு முந்தும், நடவு முந்தினால் அறுவடை முந்தும். எண்ணிக்கையை ஆள் பார்த்து மாற்றுவதே சரி.

மெஷின்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதாமல் பெயர் போட்டு எழுதுங்கள். எண்ணால் எழுதினால், முதலாவதை நீக்கும்போது மற்றவற்றின் எண் நகர்ந்து, நீக்க நினைக்காத மெஷினையும் கருவி கலைக்கப் பார்க்கும். பெயரால் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

ப்ளான் கட்டளை என்ன நடக்கப்போகிறது என்று காட்டும்; அப்ளை கட்டளை அதைச் செய்யும். ப்ளானைப் படிக்காமல் அப்ளை கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளே ஒழித்துவிடுங்கள். கூட்டல் குறி என்றால் புதிதாக எழுப்பும், கழித்தல் என்றால் கலைக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் கலைத்துவிட்டு மறுபடி எழுப்பும்; அந்த வரியில்தான் கண் நிற்க வேண்டும். வெப் மெஷினுக்கு அது வந்தால் கவலையில்லை. டேட்டாபேஸ் மெஷினுக்கு வந்தால் கையை எடுங்கள்.

அதனால்தான் டேட்டாவைத் தனி டிஸ்க்கில் வைக்கச் சொல்கிறேன். இயங்குதளம் இருக்கும் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகலாம். டேட்டா இருக்கும் டிஸ்க்குக்கு விவரக்கோப்பிலேயே அழிக்கத் தடை போட ஒரு வரி இருக்கிறது. அது இருந்தால் கருவி பிழை காட்டி நிற்கும், அழிக்காது. தடை போட்டதனால் பேக்கப் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தத் தடை கருவியைத்தான் நிறுத்தும். வெள்ளத்தையோ பழுதான டிஸ்க்கையோ நிறுத்தாது. பேக்கப் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

எதை எழுப்பினோம் என்பதைக் கருவி ஸ்டேட் கோப்பில் குறித்து வைக்கிறது. அதைத் தொலைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் கருவிக்கு அந்நியமாகிவிடும். அதில் ரகசியங்களும் வெளிப்படையாகவே கிடக்கும் என்பதால் கிட்டில் ஏற்றக்கூடாது. ஓப்பன்டோஃபுவின் என்க்ரிப்ஷனைப் போட்டு, பேக்கப்போடு சேர்த்து வையுங்கள். இருவர் ஒரே நேரத்தில் அப்ளை கொடுக்காதபடி பூட்டும் வசதியுள்ள இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

சோதனை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான விவசாயிகளின் ஆதார் எண், சிட்டா விவரம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை அங்கே நகலெடுத்து ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. செய்யாதீர்கள். 2023-ல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. பொய்ப் பெயர்களும் பொய் எண்களும் போதும்.

மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் போனால்

சொந்தப் பெட்டி போதாமல் அமேசானில் எழுப்ப நேர்ந்தால் யூசர்-டேட்டா பெரும்பாலும் அப்படியே செல்லும். மாறுவது வெளியே இருக்கும் விவரம்தான். அங்கே இமேஜுக்கு ஓர் அடையாள எண் உண்டு, அது ரீஜனுக்கு ரீஜன் வேறுபடும். 2016-ல் தொடங்கிய மும்பை ரீஜனில் வேலை செய்யும் எண், 2022-ல் தொடங்கிய ஹைதராபாத் ரீஜனில் செல்லாது. எண்ணை நேராக எழுதாமல், கருவியையே தேடச் சொல்லுங்கள். தேடும்போது வெளியிட்டவர் யார் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கலின் கணக்கு எண் 099720109477. இதைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், அதே பெயரில் வேறு யாரோ ஏற்றிய இமேஜ் உங்கள் சர்வராகிவிடும்.

செலவுக் கணக்கில் என் தீர்ப்பு இது: ஆண்டு முழுவதும் நிற்க வேண்டிய டேட்டாபேஸ் சொந்தப் பெட்டியில் இருக்கட்டும். நாலு மாதம் மட்டும் தேவைப்படும் கூடுதல் வெப் மெஷின்களை வாடகைக்கு எடுங்கள். பருவம் முடிந்ததும் கலைக்க மறந்தால் மாதாமாதம் பில் வந்துகொண்டே இருக்கும், அதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஆய்வகங்களுக்கும் இதே முறை பொருந்தும். ஒவ்வொரு வகுப்புக்கும் முப்பது வி.எம்.களை எழுப்பி மாலையில் கலைத்துவிடலாம். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே டைடல் நியோ பூங்கா திறந்தாகிவிட்டது. இதைப் பழகும் மாணவர்களுக்கு வேலை கேட்க ஊரிலும் ஓரிடம் உண்டு.

டிசம்பரில், சம்பா கதிர் முற்றும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். இன்னொரு பெட்டியை எடுத்து, கிட் களஞ்சியம், மூல இமேஜ், டேட்டா பேக்கப் மூன்றையும் மட்டும் கொண்டுபோய் எல்லாவற்றையும் புதிதாக எழுப்புங்கள். இந்தக் கோப்புகளை எழுதியவர் அன்று கீபோர்டைத் தொடக்கூடாது, வேறொருவர் செய்யட்டும். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தில் விவரக்கோப்பில் ஒரு வரி குறைகிறது. அதை அன்றே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.